பச்சை குத்தினா மட்டும் போதுமா பாஸ்?

இந்த வாரம் உங்க தோலைப் பத்திப் பேசப் போறோம். டென்ஷன் ஆகாதீங்க, உரிக்கிறதுக்கு இல்லை. அதுல நீங்க வரைஞ்சு வெச்சிருக்கிற படத்தைக் காப்பாத்துறதுக்கு!

காலேஜ் கேட்ல இருந்து கேன்டீன் வரைக்கும் ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. மணிக்கட்டுல நட்சத்திரம், பின்கழுத்துல ஓம், முழங்கைக்குக் கீழே 'அம்மா', காதுக்குப் பின்னால குட்டியா ஒரு பறவைனு ஒரு கண்காட்சியே நடக்கும். ஃபர்ஸ்ட் இயர் லீவுல குத்தினப்போ எல்லாம் பளிச்சுனுதான் இருந்திருக்கும். அதே ஆளுங்களை ஃபைனல் இயர் ஃபேர்வெல்ல பிடிச்சு, கையைத் திருப்பிப் பாருங்க. நட்சத்திரம் மச்சம் மாதிரி ஆகியிருக்கும். சிவப்பு ரோஜா, வாடின ரோஜா ஆகியிருக்கும். பறவை? அது பறந்தே போயிருக்கும்!

'இங்க் மட்டம்டா, ஏமாத்திட்டாங்க'னு போட்டுக்கிட்டவர் புலம்புவார். 'உங்க ஸ்கின் அப்படி தம்பி'னு போட்டுவிட்டவர் சமாளிப்பார். ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா, ரெண்டு பேருமே கைகாட்டாத மூணாவது குற்றவாளி ஒருத்தர் நம்ம தலைக்கு மேலயே ஹாயா உட்கார்ந்திருக்கார். மிஸ்டர் சூரியன்! நாலாவது குற்றவாளி, குத்தின முதல் சில வாரங்கள்ல நாம காட்டுற அலட்சியம்.

'அழிஞ்சா என்ன பாஸ், இன்னொரு தடவை போட்டுக்கலாமே'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். என் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன், சிவில் டிபார்ட்மென்ட். அவனோட அப்பா இப்போ இல்லை. பள்ளிக்கூட ரேங்க் கார்டுல அவர் போட்ட கையெழுத்தைத்தான் முன்கையில பச்சை குத்தியிருக்கான். பேனாவால இழுத்த மாதிரி மெல்லிசான கோடு. கடைசி எழுத்துக்குக் கீழே அவர் வழக்கமா வைக்கிற புள்ளி வரைக்கும் அப்படியே இருக்கும். குத்தி ரெண்டு வாரம் முடியும்போது சர்வே கேம்ப். பத்து நாள், மொட்டை வெயில், டோட்டல் ஸ்டேஷன் கருவியோட காடு மேடெல்லாம் அலையணும். 'மங்கினா மேலேயே இன்னொரு தடவை இழுத்துத் தர்றோம்னு கடையில சொல்றாங்கடா. ஆனா, அவங்க கையால இழுத்தா அது அவங்க கையெழுத்துதானே? அப்பாவோடது இல்லையே'னு கேட்டான்.

ஜோக் அடிக்க வாய் வரலை. இந்த வாரக் காலம் இந்த டாபிக்குக்குத்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

இங்க் எங்கே குடியிருக்கு?

முதல்ல கொஞ்சம் பயாலஜி. (பிளஸ் டூவோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா?) நம்ம தோல்ல மேல்தோல், அடித்தோல்னு ரெண்டு முக்கியமான அடுக்கு. மேல்தோல் சுமார் ஒரு மாசத்துல தானாவே உதிர்ந்து புதுசாகிடும். மருதாணி ரெண்டு, மூணு வாரத்துல காணாமப் போறது இதனாலதான். அது மேல்தோலோட நின்னுடுது. டாட்டூ ஊசி அதைத் தாண்டி 1 முதல் 2 மில்லி மீட்டர் ஆழத்துல, அடித்தோல்ல கொண்டுபோய் இங்க்கை வைக்குது.

உடம்பு என்ன நினைக்கும்? 'யாரோ அத்துமீறி உள்ளே வந்துட்டாங்க'னு செக்யூரிட்டியை அனுப்பும். அந்த செக்யூரிட்டிக்குப் பேரு மேக்ரோஃபேஜ். கிருமி, குப்பைனு எது வந்தாலும் விழுங்கிடுற செல்கள். இங்க் துகள்களையும் அதுங்க விழுங்கிடும். ஆனா, ஜீரணிக்க முடியாது! வாயில போட்ட சூயிங் கம் மாதிரி வெச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். நீங்க கண்ணாடியில பார்க்கிற டாட்டூவோட பெரும் பகுதி, இங்க்கை முழுங்கிட்டு முழிக்கிற இந்த செல்கள்தான்.

இதுல இன்னொரு சுவாரஸ்யம். அந்த செல்கள் உங்க ஆயுசு முழுக்க உயிரோட இருக்கிறது இல்லை. அப்போ அது செத்தா டாட்டூ எப்படி நிக்குது? பிரான்ஸ்ல மார்சே நகர விஞ்ஞானிகள் 2018ல இதுக்கு விடை சொன்னாங்க. எலியோட வாலில் பச்சை குத்தி, அதைப் பிடிச்சு வெச்சிருந்த செல்களை மட்டும் கொன்னு பார்த்தாங்க. டாட்டூ அப்படியே இருந்தது! பழைய செல் செத்து இங்க்கைக் கீழே விட்டதும், பக்கத்துல வந்த புது செல் அதைக் கவ்விக்கிச்சு. நம்ம ஹாஸ்டல் ரூம் கணக்குதான். சீனியர் ரூமைக் காலி பண்ணிட்டுப் போவார். அவர் விட்டுட்டுப் போன பக்கெட்டும் மக்கும் ஜூனியருக்கு வந்து சேரும். ஆளு மாறும், பக்கெட் அங்கேயேதான்!

ஆனா, ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் எல்லாத் துகளும் அதே இடத்துல இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. கொஞ்சம் நகரும். சின்னத் துகள்கள் நிணநீர் வழியா ஊரை விட்டே கிளம்பிடும். அதனாலதான் வருஷம் போகப் போகக் கோடு தடிச்சு, ஓரம் கலங்கிப் போகுது. இதை யாராலயும் முழுசா நிறுத்த முடியாது. நம்மால முடியறது, அந்த வேகத்தைக் குறைக்கிறது. அங்கே தேவையில்லாம கலாட்டா நடக்காமப் பார்த்துக்கிறது. அங்கே கலாட்டா பண்றது காயமும் வெயிலும்தான்.

பாட்டி கையில மட்டும் எப்படி?

'எங்க பாட்டி எந்த க்ரீமும் போடலை. எழுபது வயசுலயும் அவங்க கைக் கோலம் அப்படியே இருக்கே'னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பாட்டி கையில இருக்கிறது விளக்குக் கரி. சுத்தமான கார்பன். நம்ம டாட்டூ உலகத்துலயே ரொம்ப கெட்டியான ஆள் கார்பன்தான். வெயில் அதை லேசுல உடைக்காது. ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ள 1991ல கிடைச்ச 'ஓட்ஸி'ங்கிற பனி மனிதர் சுமார் 5,300 வருஷம் முன்னாடி வாழ்ந்தவர். அவர் உடம்புல 61 டாட்டூ இருக்கு. அதுவும் கரிதான். (அவர் ஐஸ் பெட்டியிலயே இருந்தார்ங்கிறதும் ஒரு காரணம்!)

அப்படின்னா கறுப்புக் கரி ஏன் பச்சையா தெரியுது? வானம் நீலமா தெரியுற கதையோட சொந்தக்காரக் கதை இது. தோலுக்குள்ள போற வெளிச்சத்துல சிவப்பு ஆழமா இறங்கிடும். அதைக் கீழே இருக்கிற கரி முழுங்கிடும். நீலமும் பச்சையும் மேலேயே சிதறித் திரும்பி வந்துடும். அதனால ஆழத்துல இருக்கிற கறுப்பு நம்ம கண்ணுக்கு நீலம் கலந்த பச்சையா தெரியுது. நம்ம முன்னோர் பார்த்ததை அப்படியே பேரா வெச்சாங்க, பச்சை குத்துறதுன்னு.

பாட்டியோட கோலத்தைக் கிட்டத்துல போய்ப் பாருங்க. நிறம் போகலை. ஆனா, கோடு பரவி, புள்ளி புள்ளியோட ஒட்டியிருக்கும். அதாவது கறுப்புக்குப் பிரச்னை, கலங்குறது. கலருக்குப் பிரச்னை, வெளுக்கிறது. ரெண்டும் வேற வேற. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

வில்லன் என்ட்ரி!

பஸ் ஸ்டாண்டு சுவத்துல பழைய சினிமா போஸ்டரைப் பார்த்திருக்கீங்களா? ஹீரோ, ஹீரோயின் எல்லாரும் நீலமாகி, ஏதோ பேய்ப்பட போஸ்டர் மாதிரி இருக்கும். சிவப்பும் மஞ்சளும் வெயில்ல முதல்ல போயிட்டதால வந்த வினை. உங்க கையிலயும் கிட்டத்தட்ட அதேதான் நடக்குது.

டாட்டூ சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள்ல பலது 'அசோ' வகை நிறமிகள். கெமிஸ்ட்ரி லேபை ஞாபகப்படுத்திக்கங்க. ரெண்டு நைட்ரஜன் அணு கைகோத்து நிக்கும். அந்தக் கோப்புதான் நிறத்துக்கு ஆதாரம். புற ஊதாக் கதிர் வந்து அடிச்சா கை விட்டுப் போகும், நிறமும் போகும். உடைஞ்ச துண்டுகள் உடம்புக்கும் நல்லதில்லைங்கிறது தனிக் கவலை. ஜெர்மனியில ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆட்கள் எலிகளுக்குச் சிவப்பு நிறமி குத்திப் பார்த்து, 2010ல முடிவை வெளியிட்டாங்க. 42 நாள்லயே சுமார் மூணுல ஒரு பங்கு நிறமி தோலை விட்டுப் போயிருந்தது. வெயில் மாதிரியான வெளிச்சம் பட்ட எலிகளுக்கு இழப்பு இன்னும் அதிகம். அதாவது முதல் ஆறு வாரம்தான் ரொம்ப முக்கியமான ஆட்டம்.

வெயில் செய்ற ரெண்டாவது வேலை, உங்களைக் கறுக்க வைக்கிறது. கறுப்பு நம்ம அழகு, அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா, வெயில் பட்டு உருவாகிற மெலனின், இங்க்குக்கு மேல இருக்கிற மேல்தோல்ல வந்து உட்காரும். படத்துக்கு மேல கூலிங் கிளாஸ் மாட்டின மாதிரி. உள்ளே இங்க் இருந்தாலும் வெளியே டல்லடிக்கும்.

நம்ம ஊர் வெயில் சாதா வெயில் இல்லை. புற ஊதாக் கதிர் குறியீடுனு ஒண்ணு இருக்கு. 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவைனு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 11ஐத் தொட்டா 'உச்சபட்சம்'. சென்னையில ஏப்ரல், மே மதியத்துல 11ஐத் தாண்டுறது சர்வ சாதாரணம். மார்கழி மாசம் குளுகுளுனு இருக்குதேன்னு ஏமாறாதீங்க. குளிருக்கும் இந்தக் கதிருக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் மூணு வாரம்: இது காயம், ஸ்டைல் இல்லை!

புது டாட்டூங்கிறது ஆயிரக்கணக்கான ஊசிக்குத்து. திறந்த காயம். காயம் நல்லா ஆறினா இங்க் நல்லா தங்கும். சீழ் பிடிச்சா, பொருக்கைப் பிய்ச்சா, இங்க்கும் கூடவே வந்துடும். அந்த இடத்துல வெள்ளைத் திட்டு நிக்கும். செய்ய வேண்டியது சிம்பிள்:

● குத்தி முடிச்சதும் சுத்துற பிளாஸ்டிக் பேப்பரை ராத்திரி முழுக்க வெச்சு வியர்வையில ஊற வைக்காதீங்க. சில மணி நேரத்துல எடுத்துடணும். இப்போ சில கடைகள்ல மூச்சு விடுற மாதிரியான மருத்துவ ஃபிலிம் ஒட்டுறாங்க. அதைச் சில நாள் வெச்சிருக்கலாம். எத்தனை நாள்னு குத்தினவர்கிட்ட கேட்டுட்டே வெளியே வாங்க.

● முதல்ல உங்க கையைக் கழுவுங்க. அப்புறம் வாசனை இல்லாத மைல்டு சோப்பு, சாதா தண்ணீர். விரல் நுனியால மெதுவா. நார், ஸ்க்ரப்பர் எல்லாம் பாத்திரத்துக்கு!

● ஹாஸ்டல் கொடியில ஒரு வாரமா தொங்குற துண்டால துடைக்காதீங்க. அதுல எத்தனை கிருமி குடும்பம் நடத்துதுன்னு யாருக்குத் தெரியும். சுத்தமான டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுங்க.

● வாசனை இல்லாத மாய்ஸ்சரைஸர், நாளைக்கு ரெண்டு, மூணு தடவை, மெல்லிசா. இட்லிக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்தினா காயம் ஊறிப் போகும்.

● மக்குல மொண்டு குளிக்கலாம். ஷவர் ஓகே. கிணறு, குளம், கடல், நீச்சல் குளம் எல்லாத்துக்கும் குறைஞ்சது மூணு வாரம் தடா. மெரினாவுக்குப் போங்க, சுண்டல் சாப்பிடுங்க, கரையோட திரும்பி வாங்க.

● ஒரு வாரத்துல தோல் உரியும். அரிப்பு பின்னி எடுக்கும். சொறியாதீங்க, பிய்க்காதீங்க. தாங்கலைன்னா உள்ளங்கையால லேசா தட்டிக்கங்க.

● வீட்டுல பாசமா மஞ்சளைக் குழைச்சு எடுத்துட்டு வருவாங்க. அன்பா மறுத்துடுங்க. சமையலறை மஞ்சள் கிருமி நீக்கினது இல்லை. திறந்த காயத்துக்கு அது வேண்டாம். தேங்காய் எண்ணெயும் காயம் ஆறின பிறகு தாராளமா தடவலாம், அதுக்கு முன்னாடி வேண்டாம்.

● இந்தக் கட்டத்துல சன் ஸ்க்ரீனும் கூடாது. அது ஆறின தோலுக்கான பொருள். புதுக் காயத்துக்கு வெயில்ல இருந்து பாதுகாப்பு, துணி மட்டும்தான்.

சர்வே கேம்ப் நண்பனுக்கும் இதைத்தான் சொன்னேன். ரெண்டு வாரத்துல மேல்பக்கம் ஆறின மாதிரி தெரியும், உள்ளே வேலை நடந்துட்டேதான் இருக்கும். அதனால, லூஸான பருத்தி முழுக்கைச் சட்டை, பட்டன் போட்டு. தினமும் துவைச்ச சட்டை. சாயந்திரம் வந்ததும் வியர்வையும் புழுதியும் போகக் கழுவணும். 'வெந்து போயிடுவேன்டா'ன்னான். பழைய கட்டட மேஸ்திரிகளைப் பாருங்க, உச்சி வெயில்லயும் சட்டைக்கு மேல ஒரு முழுக்கைச் சட்டை மாட்டியிருப்பாங்க. காலங்காலமா வெயில்ல நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சதுதான் இது.

ஆறின பிறகு: ஆயுள் சந்தா!

பளபளப்பு அடங்கி, தோல் உரியறது நின்னு, தொட்டா பக்கத்துத் தோல் மாதிரியே இருந்தா ஆறிடுச்சுன்னு அர்த்தம். மூணு, நாலு வாரம் ஆகலாம். இனிமேதான் சன் ஸ்க்ரீன் ஹீரோ.

ட்யூப்ல ரெண்டு விஷயம் பாருங்க. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதுக்கு மேல. அது புற ஊதா-பி கதிருக்கு. 30 போட்டது சுமார் 97 சதவிகிதம் தடுக்கும். 50 போட்டது சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான், அதனால பெரிய நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. அடுத்தது பி.ஏ.ன்னு எழுதி கூட்டல் குறிகள் இருக்கும். அது புற ஊதா-ஏ கதிருக்கு. மூணு கூட்டல் இருந்தா நல்லது. இந்த 'ஏ' கதிர் தோல்ல ஆழமா இறங்கும். சாதா ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். காலேஜ் பஸ்ல ஜன்னல் சீட் பிடிச்சு, கண்ணாடியை மூடிட்டா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. (டவுன் பஸ்ல கண்ணாடியே இருக்காதுங்கிறது வேற கதை!)

'அதெல்லாம் காஸ்ட்லி பாஸ்'ங்கிறீங்களா? வாங்க, இன்ஜினீயர் மாதிரி கணக்கு போடுவோம். ட்யூப்ல போட்ட அந்த நம்பர் முழுசா கிடைக்கணும்னா ஒரு சதுர சென்டி மீட்டருக்கு 2 மில்லி கிராம் தடவணும். உங்க டாட்டூ 10 சென்டி மீட்டர் நீளம், 5 சென்டி மீட்டர் அகலம்னு வெச்சுக்கங்க. 50 சதுர சென்டி மீட்டர். அப்போ ஒரு தடவைக்கு 100 மில்லி கிராம். 50 கிராம் ட்யூப் 500 தடவை வரும். நாளைக்கு ரெண்டு தடவைன்னா 250 நாள். ஓரத்துல வழியறது, ரூம்மேட் சுடுறதுன்னு பாதியைக் கழிச்சாலும் நாலு மாசம் தாராளமா ஓடும். டாட்டூவுக்கு நீங்க எண்ணிக் கொடுத்த நோட்டை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. இது அதோட மெயின்டனன்ஸ் செலவு. பைக்குக்கு ஆயில் மாத்துறீங்கதானே?

வெளியே கிளம்புறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி தடவுங்க. கிரவுண்டுலயே இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வியர்வையில நனைஞ்சா மறுபடியும். பைக் ஓட்டுற மக்களே, சிக்னல்ல விக்கிறாங்களே கைக்கு மாட்டுற ஸ்லீவ், அது சூப்பர் முதலீடு. வியர்வைக்குக் கரையாது, மறுபடி தடவ வேண்டியதில்லை, ஒரு தடவை வாங்கினா துவைச்சுத் துவைச்சு மாட்டலாம்.

ராத்திரி படுக்கும் முன்னாடி மாய்ஸ்சரைஸர். வறண்ட தோல்ல வெள்ளை பூத்த மாதிரி இருந்தா உள்ளே எவ்வளவு நல்ல இங்க் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கார் கண்ணாடியைத் துடைச்சா ரோடு தெளிவா தெரியுமே, அது மாதிரி.

மெடிக்கல் ஷாப்ல உஷார்!

இதைக் கொஞ்சம் சீரியஸா படிங்க. டாட்டூ அரிக்குது, சிவக்குதுன்னு நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய், 'அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்'னு கேட்கிறது நம்ம தேசியப் பழக்கம். கைக்கு வர்ற ட்யூப்ல ஸ்டீராய்டு கலந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், 'ஆஹா மேஜிக்'னு தோணும். தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரியும், நிறம் மாறும், கிருமித் தொற்று ஒளிஞ்சு வளரும். இப்படித் தோல்ல போடுற பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு 2018லயே மத்திய அரசு சொல்லிடுச்சு. சீட்டு இல்லாம கேட்கிறதை நாம நிறுத்தணும்.

'சிவப்பழகு' தர்றேன்னு சொல்ற க்ரீம், ப்ளீச், முகத்துக்குப் போடுற கரகர ஸ்க்ரப் எதுவும் டாட்டூ பக்கம் போகவே கூடாது. அந்தத் தோலை எரிச்சல்படுத்தி, வறள வெச்சு, வெயிலுக்கு இன்னும் பயப்பட வைக்கும்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, வலி குறையாம கூடினாலோ உடனே தோல் டாக்டர்கிட்ட போயிடுங்க. மாசக்கணக்குல கழிச்சு சிவப்பு இங்க் இருக்கிற இடம் மட்டும் தடிச்சு அரிச்சாலும் அப்படியே. இங்க் அலர்ஜி லேட்டா வர்றதும் உண்டு. வீட்டுல திட்டுவாங்கன்னு முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சு வெச்சு, ஒரு வாரம் கழிச்சு ஜுரத்தோட வார்டுல படுக்காதீங்க. அப்போ திட்டு டபுள்!

இன்னும் குத்தலையா? நீங்கதான் லக்கி!

மங்காம இருக்கிறதுல பாதி, குத்துறதுக்கு முன்னாடியே முடிவாகிடுது. விரல், உள்ளங்கை, பாதம் ஓரம் இங்கெல்லாம் உரசல் ஜாஸ்தி. சீக்கிரம் போயிடும். முழங்கை மடிப்புல கோடு கலங்கும். சட்டைக்குள்ள மறையற தோள், மேல்கை, முதுகு எல்லாம் நீண்ட காலம் தாங்கும். வெள்ளை, மஞ்சள் ரெண்டும் நம்ம நிறத்துல ரொம்பவே சீக்கிரம் காணாமப் போகும். கறுப்பு, நிலைச்ச நண்பன்.

எழுத்து குத்துறீங்களா? எழுத்துக்கு நடுவுல இடம் விடச் சொல்லுங்க. வருஷம் ஆக ஆகக் கோடு தடிக்கும்னு பார்த்தோமே. 'ஞ', 'ஊ' மாதிரி சுழி நிறைஞ்ச எழுத்தைப் பொடிசா குத்தினா, பத்து வருஷத்துல அது வெறும் உருண்டை. ஆசையா குத்தின பேரை அடுத்தவங்க தப்பா படிச்சா எவ்வளவு கஷ்டம்!

காது குத்தின இடத்துல, அம்மைத் தழும்புல, அடிபட்ட இடத்துல தோல் புடைச்சு வளர்ற கீலாய்டு உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ இருந்தா, ஊசிக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. நம்மள மாதிரி கறுத்த தோலுக்கு இது வர வாய்ப்பு அதிகம். ஊசி உங்க கண்ணு முன்னாடி பிரிக்கப்படணும். இங்க்கை உங்களுக்குன்னு தனி மூடியில ஊத்தணும். திருவிழாக் கூட்டத்துல ஒரே ஊசியால வரிசையா குத்திக்கிறது, காதலியோட பேரா இருந்தாலும் வேண்டாம். அழகைத் தாண்டி, அது ரத்தத்தால பரவுற மஞ்சள் காமாலை சமாசாரம்.

எல்லாம் சரியா செஞ்சும் அங்கங்கே விட்டுப் போயிருந்தா, முழுசா ஆறி ஆறு வாரம் போல ஆன பிறகு டச்-அப் போட்டுக்கலாம். குத்தும்போதே அது கட்டணத்துல சேர்த்தியான்னு கேட்டு வெச்சுக்கங்க. ஆனா, டச்-அப்னா மறுபடி ஊசி, மறுபடி காயம், மறுபடி மூணு வாரம். ஒரு கையெழுத்துக்கு அது எவ்வளவு தேவையில்லாத வேலைன்னு என் நண்பனைக் கேளுங்க.

இவ்வளவு படிச்சும் 'வெயில் அப்படி என்ன பெருசா பண்ணிடும்'னு இன்னமும் சந்தேகமா? ஒரே ஒரு பரிசோதனை. கையில வாட்ச் கட்டியிருக்கீங்களா? கழட்டுங்க. கீழே ஒரு பட்டை, கையோட மத்த இடத்தை விட ரெண்டு ஷேடு வெளுப்பா தெரியுதா? அந்த ஒரு இன்ச்சை வெயில்ல இருந்து மறைச்சது ஒரு சாதாரண ஸ்ட்ராப். அதுக்கு வெளியே இருக்கிற இடமெல்லாம் வெயிலோட கைவேலை. அதே வெயில்லதான் உங்க டாட்டூவும் நிக்குது.

பார்த்தாச்சா? அப்போ வாட்சைக் கட்டுங்க, ஸ்லீவை மாட்டுங்க, கிளாஸுக்குக் கிளம்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!